பழைய சேலை, சாரம் (லுங்கி), பனியன், மிச்ச நூல்: வீட்டில் செய்யும் கைவேலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லைப் பக்கம் எந்த வீட்டுப் பரணைத் துழாவினாலும் ஒரு துணி மூட்டை கிடைக்கும். சாயம் போன நூல் சேலை, அடியில் கிழிந்த சாரம், மஞ்சளடித்த வேட்டி, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன டீ-சர்ட், எப்போதோ வாங்கி மீந்த உல்லன் நூல்கண்டு. இதையெல்லாம் வைத்து என்ன செய்யலாம் என்று அக்கம்பக்கத்திலும் சொந்தத்திலும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்போனில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதற்குத் துணி தேடாதீர்கள். கையில் இருப்பது என்ன துணி என்று பாருங்கள். அதை வைத்துத்தான் வேலையை முடிவு செய்ய வேண்டும். பாதியில் நின்றுபோகிற கைவேலைகளில் பெரும்பாலானவை துணி பொருந்தாமல் நின்றவைதான்.

என்ன துணி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓரத்தில் ஒரு நூலை உருவி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துக்கொண்டு நுனியைக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் தொட்டதும் பொடிந்துவிடும். பாலியஸ்டர் என்றால் சுருண்டு உருகும், ஆறிய பிறகு நுனியில் கெட்டியாக ஒரு மணி நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். அதைப் பாலியஸ்டர் கணக்கிலேயே வையுங்கள்.

எதற்கு இவ்வளவு பார்க்க வேண்டும் என்றால், அடுப்படியில் புழங்குகிற எதற்கும் உருகுகிற துணி ஆகவே ஆகாது. மிதியடிக்கும் தண்ணீரை உறிஞ்சுகிற பருத்திதான் நல்லது. பாலியஸ்டர் சேலையைத் தள்ளிவிட வேண்டாம். திரை, தோரணம், பை, தலையணைக்குள் அடைப்பது என்று அதற்கும் இடம் உண்டு. சாயமும் லேசில் போகாது.

வேட்டி நிறையக் கிடக்கிறது. வெள்ளைத் துணியில் என்ன பெரிதாகச் செய்ய முடியும்?

பழந்துணியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது பழைய நூல் வேட்டிதான். கஞ்சியெல்லாம் போய், துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். கொதிக்கிற தண்ணீரில் நன்றாக அலசி வெயிலில் காயவைத்தால் இட்லித் தட்டுக்குத் துணி ஆயிற்று. சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிய இதைவிட நல்ல துணி கடையில் கிடைக்காது. ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்துவிடுங்கள், இல்லையென்றால் நூல் பிரிந்து பாலில் விழும். மிஞ்சிய துண்டில் விளக்குக்குத் திரி திரிக்கலாம். பைகளுக்கு உள் துணியாகவும் போடலாம்.

தையல் மெஷின் இல்லையே, கையால் முடியுமா?

முடியும். கீழே சொல்லியிருப்பதில் ஜீன்ஸ் வேலை ஒன்றுக்குத்தான் மெஷின் இருந்தால் சுகம். மற்றதற்கெல்லாம் ஊசி, நூல், கூர்மையான கத்தரிக்கோல், நாலைந்து ஊக்கு போதும். காகிதம் வெட்டுகிற கத்தரியைத் துணிக்கு எடுக்காதீர்கள், துணிக் கத்தரியைப் பிள்ளைகள் கையில் காகிதத்துக்குக் கொடுக்காதீர்கள்.

சடை மிதியடி எப்படிச் செய்வது? ஒரு சேலை போதுமா?

ஐந்தரை மீட்டர் நூல் சேலை ஒன்றில் இரண்டடி அகலத்துக்கு ஒரு வட்ட மிதியடி வந்துவிடும். சேலை கனமாக இருந்தால் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.

சேலையின் முந்தி ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு போட்டு, நீளவாக்கில் கையாலேயே கிழியுங்கள். பருத்தி, நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலை ஒட்டியே கிழியும் என்பதால் ஸ்கேல் வைத்து வெட்டுவதைவிட நேராக வரும். கிழிக்கும்போது நூல் பறக்கும், தூசி எழும். முற்றத்தில் உட்கார்ந்து செய்யுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். கெட்டிக் கரையை முதலிலேயே தனியாக எடுத்துவிடுங்கள். அதைச் சடையில் சேர்த்தால் அந்த இடம் மட்டும் விறைப்பாக நிற்கும். கைப்பிடிக்கும் நாடாவுக்கும் அது உதவும்.

மூன்று கீற்றுகளை ஒன்றாகத் தைத்து, ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டு தலை பின்னுகிற மாதிரியே பின்னுங்கள். மூன்றும் ஒரே நீளமாக இருக்க வேண்டாம். நீளம் வேறுபட்டிருந்தால்தான் ஒட்டுப் போடுகிற இடங்கள் ஒரே இடத்தில் சேராமல் இருக்கும். ஒட்டுப் போட முடிச்சுப் போடாதீர்கள், காலில் உறுத்தும். பழைய கீற்றின் நுனியிலும் புதுக் கீற்றின் நுனியிலும் பட்டன் துளை மாதிரி சின்ன வெட்டு ஒன்று போடுங்கள். புதுக் கீற்றின் துளை வழியாகப் பழையதன் நுனியைக் கொஞ்சம் நுழைத்துக்கொண்டு, புதுக் கீற்றின் வாலைப் பழையதன் துளைக்குள் விட்டு இழுத்தால் தட்டையாக இறுகிவிடும். நடுக்கீற்று மேலே வரும்போது துணியின் கிழிந்த ஓரத்தை உள்ளே மடித்துவிட்டுக்கொண்டே போனால் சடை உருண்டையாக, பிசிறு தெரியாமல் வரும். இதில் அவசரப்படாதீர்கள். மிதியடியின் அழகு முழுக்க இந்த மடிப்பில்தான் இருக்கிறது.

சடை ஒரு ஐந்தாறு மீட்டர் சேர்ந்ததும் தரையில் சுருட்டி வைத்து, கெட்டி நூலால் அடுத்தடுத்த சுற்றுகளைச் சேர்த்துத் தையுங்கள். ஊசி சடையின் பக்கவாட்டில் போக வேண்டும், மேலே நூல் தெரியக் கூடாது.

முட்டை வடிவில் வேண்டும் என்றால் ஒரு கணக்கு: நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் வருவதுதான் நடுவில் நேராகப் போகிற சடையின் நீளம். மூன்றடிக்கு இரண்டடி என்றால் முதல் வரி ஒரு அடி நேராகப் போய்த் திரும்ப வேண்டும்.

நான் தைத்த மிதியடி நடுவில் குழிந்து சட்டி மாதிரி ஆகிவிட்டதே?

வெளிச்சுற்றை இழுத்துத் தைத்திருப்பீர்கள். வெளிச்சுற்று எப்போதும் உள்சுற்றைவிட நீளமாக ஓட வேண்டும். முதல் சில சுற்றுகளில் சடையைக் கொஞ்சம் தளர்த்தி உள்ளே தள்ளிக்கொண்டே தைக்க வேண்டும். மடியில் வைத்துத் தைத்தாலும் இப்படிக் குழியும், தரையில் பரப்பி வைத்தே தையுங்கள். நேர்மாறாக ஓரம் அலை அலையாக எழும்பினால் தளர்ச்சி கூடிவிட்டது என்று அர்த்தம். எங்கே கெட்டதோ அதுவரை பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும். பிரிக்க மனசில்லை என்றால் இன்னும் இறுக்கி இழுத்து மேலே ஏற்றிக்கொண்டே போங்கள், வெங்காயம் பூண்டு போட்டு வைக்கக் கூடை கிடைக்கும்.

சாரத்தை வைத்து என்ன செய்யலாம்?

சாரத்தில் ஒரு வசதி இருக்கிறது, அது ஏற்கெனவே குழாய் மாதிரி மூட்டியிருக்கும். அதனால் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே போனால் ஒட்டே இல்லாத ஒரே நாடா கிடைக்கும். ஒரு சுற்று சுமார் இரண்டு மீட்டர். இரண்டங்குல அகலத்தில் வெட்டினால் ஒரு சாரத்திலிருந்து நாற்பது மீட்டருக்கு மேல் வரும். கட்டம் போட்ட சாரத்தில் கட்டத்தின் கோட்டைப் பிடித்தே வெட்டலாம், அளவே எடுக்க வேண்டாம்.

வெட்டாமலும் பயன்படுத்தலாம். நீளமான தலையணைக்கு உறை என்றால் அளவாக மடித்து ஒரு பக்கத்தைத் தைத்தால் முடிந்தது.

டீ-சர்ட்டிலிருந்து நூல் எடுக்கிறார்களே, அது எப்படி?

பக்கவாட்டில் தையல் இல்லாத டீ-சர்ட்டாகப் பாருங்கள். அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டி மேல் பாகத்தை எடுத்துவிடுங்கள், அடி மடிப்பையும் வெட்டிவிடுங்கள். மிஞ்சியது ஒரு குழாய். அதைத் தரையில் விரித்து, ஒரு பக்க ஓரத்தை எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு விரல் அகலம் முன்னால் வரும்படி மடியுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து ஓர் அங்குல அகலக் கீற்றுகளாக வெட்டிக்கொண்டே போங்கள். ஆனால் அந்த இரண்டு விரல் அகலத்தை வெட்டாமல் விட வேண்டும். இப்போது விரித்துப் பார்த்தால் ஒரு முதுகெலும்பும் அதிலிருந்து விலா எலும்புகளும் தெரியும். முதுகெலும்பில் முதல் வெட்டிலிருந்து எதிர்ப்பக்கத்து இரண்டாவது வெட்டுக்குச் சாய்வாக வெட்டுங்கள். அப்படியே தொடர்ந்தால் முழு டீ-சர்ட்டும் ஒரே நூலாக வந்துவிடும். பெரியவர்கள் போடுகிற டீ-சர்ட் சுற்றளவு ஒரு மீட்டர் இருக்கும், பதினாறு கீற்று வெட்டினால் பதினாறு மீட்டர். பிறகு கையால் இழுத்துவிடுங்கள். ஓரம் உள்ளே சுருண்டு உருண்டை நூலாகும், நீளமும் கூடும்.

பனியன் துணி இழுத்தால் சுருளும், ஓரம் பிரியாது, அதனால்தான் இந்த வேலைக்கு ஏற்றது. சட்டைத் துணியில் இதைச் செய்தால் பிசிறு பிசிறாக வரும். மார்பில் ரப்பர் மாதிரி பெரிய படம் அச்சடித்த டீ-சர்ட்டும் ஆகாது, அந்த இடம் சுருளாது.

இந்த நூலில் உறி கட்டலாம். எட்டு கீற்றுகளை ஒரு வளையத்தில் சேர்த்துக் கட்டி, கீழே இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டு, அடுத்த வரிசையில் பக்கத்து ஜோடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி முடிச்சுப் போட்டால் வலை வந்துவிடும். அதில் பூந்தொட்டி தொங்கவிடலாம். ஒன்று கவனம்: பனியன் நூல் பாரத்தில் இழுபடும். ஈர மண் நிறைந்த தொட்டிக்கு வேண்டாம், சின்ன டப்பா தொட்டிக்கு வையுங்கள்.

உல்லன் நூல் மிச்சம் இருக்கிறது. அதில் சட்டி பிடிக்கிற பிடித்துணி பின்னலாமா?

வேண்டாம். நம் கடைகளில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக் நூல். சூடு பட்டால் உருகும், உருகியது கையில் ஒட்டிக்கொண்டால் புண் ஆழமாகும். பிடித்துணிக்குப் பழைய துண்டை நடுவில் வைத்து, மேலும் கீழும் நூல் சேலைத் துணி வைத்து, நான்கைந்து மடிப்பாகத் தையுங்கள். ஈரமாக இருக்கும்போது அதை வைத்துச் சட்டியைப் பிடிக்காதீர்கள், ஈரத் துணியில் சூடு சட்டென்று ஏறும்.

உல்லன் நூலுக்கு ஏற்ற இடம் வாசல்நிலை, அதற்குத் தோரணம் செய்யலாம். பந்து செய்ய நான்கு விரலைச் சேர்த்து எண்பது நூறு சுற்று சுற்றி, கழற்றி, நடுவில் கெட்டி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். இரு பக்க வளையங்களையும் வெட்டி உதறிவிட்டு, கத்தரியால் உருண்டையாகச் சீவுங்கள். கட்டுகிற நூல் உல்லனாக இருந்தால் இழுக்கும்போது அறுந்துவிடும், நூல்கண்டு நூலை இரட்டையாகப் போடுங்கள். பந்து, மணி, குஞ்சம் என்று மாற்றிக் கோத்தால் தோரணம் ரெடி. பிள்ளைகளுக்குக் கோடை லீவில் கொடுக்க இதைவிட நல்ல வேலை இல்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் மணி, பட்டன், நீளமான நூல் எதுவும் அது எட்டுகிற உயரத்தில் வேண்டாம்.

குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) கற்றுக்கொள்ள ஆசை. எதில் தொடங்குவது?

இந்த மாதிரி நூல் வேலை நம் மண்ணுக்குப் புதிதல்ல. இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலிசா 19ஆம் நூற்றாண்டிலேயே பெண்களுக்கு லேஸ் வேலை கற்றுக்கொடுத்திருக்கிறார். நீங்கள் மெல்லிய லேஸ் நூலில் தொடங்க வேண்டாம், கண்ணும் பொறுமையும் போய்விடும். உல்லன் நூலும் நான்கு மில்லிமீட்டர் ஊசியும் போதும். முதலில் சங்கிலி மட்டும் போடுங்கள், ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவில் வரும்வரை. அப்புறம்தான் அடுத்த வரிசை. பனியன் நூலாக இருந்தால் ஊசியே வேண்டாம், விரலாலேயே சங்கிலி இழுக்கலாம். அந்தச் சங்கிலியைச் சுருட்டித் தைத்தால் செம்பு வைக்கிற பிரிமணை மாதிரி ஒன்று கிடைக்கும்.

தறி இல்லாமல் நெய்ய முடியுமா?

சின்ன அளவில் முடியும். ஓர் அட்டைப்பெட்டியின் தடித்த அட்டையை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டுகள் போட்டு, பொட்டலம் கட்டுகிற பருத்தி நூலை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டுங்கள். அது பாவு. துணிக் கீற்று ஊடை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று விட்டு, பழைய சீப்பால் அடித்து நெருக்கிக்கொண்டே வர வேண்டும். பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதும் இதே அமைப்புதான். அங்கே நூல் பாவாக ஓடும், தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்துக் கீறிய கோரை ஊடையாகப் போகும். ஒருமுறை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஊடையை எவ்வளவு நெருக்குகிறார்கள் என்று கண்ணால் பார்த்தால்தான் கைக்கு வரும்.

வீட்டு நெசவில் எல்லாருக்கும் நேர்கிற சங்கடம், போகப் போக இடுப்பு ஒடுங்குவது. ஊடையை நேராக இழுக்காமல் வில் மாதிரி வளைத்துப் போட்டுப் பிறகு சீப்பால் தட்டினால் ஓரம் ஒடுங்காது.

ஆச்சி கட்டின சேலை இருக்கிறது. வெட்ட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

வெட்டாதீர்கள். நூல் சேலை என்றால் விரிப்பாகத் தைக்கலாம், அதற்குக் கத்தரியே வேண்டாம். ஐந்தரை மீட்டரை மூன்றாக மடித்தால் ஆறடி நீளத்துக்கு, கிட்டத்தட்ட நாலடி அகலத்துக்கு மூன்று மடிப்புள்ள விரிப்பு வந்துவிடும். சேலையில் கால்பக்கமும் கொசுவம் செருகுகிற இடமும்தான் முதலில் நைந்துபோகும். அந்தப் பாகம் நடு மடிப்பில் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், முந்தி மேலே வரட்டும்.

பாயில் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து வெளியே ஊக்கு குத்திக்கொண்டே போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கம் எல்லாம் நடுவில் சேர்ந்துவிடும். பிறகு இரண்டு மூன்று விரல் இடைவெளியில் நீளவாக்கில் ஓட்டுத் தையல். தையல் அரிசி நீளம் இருந்தால் அழகு, கொஞ்சம் பெரிதானாலும் குறையில்லை. ஒரே மூச்சில் முடிக்கிற வேலை இல்லை இது. சாயங்காலம் இரண்டு வரி, லீவு நாளில் நாலு வரி என்று போகும். தைக்கத் தைக்க மூன்று துணியும் ஒன்றாகிக் கை வைத்தால் கனமும் மென்மையும் தெரியும். வீட்டில் பெரியவர்கள் ஆளுக்கொரு வரி தைக்கலாம். யார் தைத்த வரி எது என்று தையலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நைந்த சேலையில் தொட்டில் மட்டும் கட்டாதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, எங்காவது சல்லடையாகத் தெரிந்தால் அது பாரம் தாங்காது.

பழைய பட்டுச்சேலை?

சுத்த ஜரிகை என்றால் வாங்குகிற கடைகள் இருக்கின்றன, நாலு இடத்தில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள். வைத்துக்கொள்வதாக இருந்தால் சுருக்குப்பை தைக்கலாம். பட்டு மடிப்பு விழுந்த கோட்டில்தான் இற்றுக் கிழியும், அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள். உள்ளே வேட்டித் துணி கொடுத்துத் தையுங்கள். மேலே இரண்டு கயிறு, ஒன்று இடப்பக்கமிருந்து சுற்றி இடப்பக்கமே வெளியே வர வேண்டும், மற்றது வலப்பக்கம். இரண்டையும் இழுத்தால்தான் வாய் சரியாகச் சுருங்கும்.

ஜீன்ஸ் தைத்தால் ஊசி உடைகிறது.

பதினாறாம் நம்பர் ஊசி போடுங்கள். மடிப்பு கூடுகிற இடத்தில் மிதியாமல் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். ஒரு கால் பாகத்தை வெட்டி அடியைத் தைத்தால் தண்ணீர் பாட்டில் பை, நீளமாக விட்டால் முருங்கைக்காய் நிற்கிற பை.

கடைக்குக் கொண்டுபோகிற பை?

2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. பை வாங்க வேண்டியதே இல்லை, பழைய பேன்ட், ஜன்னல் திரை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எதிலும் தைக்கலாம். கைப்பிடியைப் பையின் வாயில் மட்டும் ஒட்டாமல் அடிவரை இறக்கித் தைத்தால் ஐந்து கிலோ அரிசிக்கும் தாங்கும். தைக்கவே வராது என்பவர்கள் டீ-சர்ட்டின் கையையும் கழுத்தையும் வெட்டிவிட்டு, அடியில் நான்கு விரல் நீளத்துக்குக் கீற்று கீற்றாக வெட்டி, முன்கீற்றையும் பின்கீற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் பை. கீரைக்கும் காய்க்கும் போதும்.

துணியைப் பாபநாசத்தில் ஆற்றில் விட்டுவிட்டால் பீடை போகும் என்கிறார்கள். அதை வைத்துக் கைவேலை செய்யலாமா?

நம்பிக்கையோடு விடுகிறவர்கள் மனசை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆற்றில் விட்ட துணி போய்விடுவதில்லை. பாறை இடுக்கிலும் படித்துறையிலும் சிக்கிக் கிடக்கிறது, குளிக்கிறவர்கள் காலைச் சுற்றுகிறது. பாலியஸ்டர் என்றால் மக்கவும் மக்காது. அந்தத் தண்ணீரைத்தான் கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. தயவுசெய்து விடாதீர்கள். தலைமுழுகிவிட்டுத் துணியை வீட்டுக்கே கொண்டுவந்து துவைத்து, யாருக்காவது உடுத்தக் கொடுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள மனசு ஒப்பவில்லை என்றால் கீற்றாகக் கிழித்து மிதியடி பின்னிக் கோயில், பள்ளிக்கூடம், முதியோர் இல்லம் எங்காவது கொடுத்துவிடலாம்.

மழைக்காலத்தில் மிதியடி நாறுகிறதே?

சடை கனமாக இருப்பதால் உள்ளே ஈரம் நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் தேவையில்லாமல் துவைக்காதீர்கள், உதறி உள்காற்றில் தொங்கவிடுங்கள். துவைத்தால் முறுக்கிப் பிழியாமல் சாய்த்து வைத்து வடியவிடுங்கள். சித்திரை வெயிலில் ஒரு பகலில் காய்ந்துவிடும், ஆனால் சாயம் வெளுக்கும், பின்பக்கம் மேலாகப் போடுங்கள். சிவப்பும் கருநீலமும் சேர்ப்பதற்கு முன்னால் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் அந்தத் துணியை வெளிர் நிறத்தோடு பின்னாதீர்கள்.

வெட்டி மிஞ்சின துணுக்குகள்?

பொடியாக நறுக்கித் தலையணைக்குள் அடையுங்கள். பஞ்சைவிடக் கனக்கும், திண்டுக்கு நன்றாக இருக்கும். பட்டன், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்னாலேயே எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள்.

செய்ததை விற்கலாமா?

விற்கலாம். துணி சும்மா வந்தது என்று நினைத்து விலையைக் குறைக்காதீர்கள், வாங்குகிறவர் கொடுப்பது உங்கள் நேரத்துக்கு. எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதிவைத்து, உங்கள் ஊரில் ஒரு மணி நேரத் தையல் கூலி என்னவோ அதை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். அந்த விலைக்குப் போகாத பொருளை விற்பனைக்குச் செய்யாதீர்கள், வீட்டுக்குச் செய்யுங்கள். கையால் தைத்த விரிப்பு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. தோரணம், பை, சின்ன மிதியடி கட்டுப்படியாகும். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் கல்லூரிச் சந்தைகளில் இடம் கேட்டுப் பாருங்கள்.

முதலில் செய்த மிதியடியை விற்காதீர்கள். உங்கள் வீட்டு வாசலில் ஒரு மழைக்காலம் மிதிபடட்டும். எந்தச் சுற்றில் தையல் விடுகிறது என்று பார்த்து, அடுத்ததில் அந்த இடத்துக்கு இரட்டை நூல் போடுங்கள்.